மானிட்டர் ஓரத்துக் கண்ணாடி

நான் வாயால் வேலை பார்க்கிறவன். சம்பளம் வாங்குவது கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் என்றாலும் அதில் முக்கால்வாசி பேச்சு. எதையாவது எழுதி அனுப்பச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எதிரில் நிற்கிற ஆளிடம் சொன்னால் முடிந்துபோகிற விஷயத்துக்கு எதற்கு ஒரு மெயில், அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு நன்றி என்று கேட்பேன். இந்தக் குணத்தைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பக்கத்தில் உள்ள கண்டெய்னர் யார்டுகளுக்கு லாரி டோக்கன் போடுகிற மென்பொருள் எங்களுடையது. எந்த லாரி, எத்தனை மணிக்கு, எந்த கேட் வழியாக உள்ளே வரலாம் என்று டிரைவரின் போனுக்குச் சொல்லிவிடும். கம்பெனியின் தலைமை ஆபீஸ் சென்னையில். இங்கே நாங்கள் ஆறே பேர். ஆறு பேரில் நான்தான் மூத்தவன், டீம் லீடும் நான்தான். அதனால் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டிய ஆளைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி இருக்கிறது என்று சென்னை மேலாளர் ஒருமுறை கேலி செய்தார். எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஊர்ப் பெயர்தான். "சாத்தான்குளம் வந்தாச்சா?" என்போம். "பெரியதாழைக்கு இன்னைக்கு லீவா?" என்போம். நான் சொல்லப்போவதற்கு இந்த இரண்டு பேர் போதும்.

சாத்தான்குளத்துப் பெண்ணுக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எழுதுகிற நிரல்களைச் சோதித்துப் பார்ப்பதும், புதிய பதிப்பை யார்டுகளில் ஓடவிடுவதும் அவள் பொறுப்பு. அந்த ஓடவிடுவதைத்தான் நாங்கள் ரிலீஸ் என்போம். அவள் பட்டனை அமுக்கினால் அடுத்த நிமிடம் சாலையில் நிற்கிற லாரிகளுக்கு அது போய்விடும். நான்கு வருடத்தில் ஒரு ரிலீஸ்கூடச் சொதப்பியதில்லை.

பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக் கேட்பாள். நான் எத்தனை நீளமாகப் பேசினாலும் கண்ணை எடுக்க மாட்டாள். மற்ற பிள்ளைகள் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு மறுகண்ணால் என்னைப் பார்ப்பார்கள். "பேச்சுக் கேக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இவதாம்லே, இவளைப் பாத்துப் படிங்க" என்று மற்றவர்களிடம் சொல்வேன். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

அவளுடைய மேசை கதவுக்கு முதுகு காட்டி இருந்தது. மானிட்டரின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டிவைத்திருந்தாள். வளையல் கடையில் விற்பது, சிவப்புப் பிளாஸ்டிக் விளிம்பு. நான் அதை விடுவேனா? "ஏளா, லாரிக்காரனுக்கு டோக்கன் போடுறதுக்கு எதுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்று வாரம் இரண்டு முறையாவது கேட்பேன். "சும்மா இருக்கட்டும் அண்ணாச்சி" என்பாள்.

பெரியதாழைத் தம்பி கடற்கரைக்காரன். அவன் அப்பா கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவர். அவன் அந்த வீட்டின் முதல் இன்ஜினியர். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாத்தான்குளத்துப் பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து கூப்பிட மாட்டான். எழுந்து, மேசைகளைச் சுற்றி, அவளுக்கு முன்னால் போய் நின்று, மேசையை இரண்டு விரலால் லேசாகத் தட்டி, அவள் நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பான். இரண்டு அடி தூரத்தில் இருப்பவளுக்கு இத்தனை சுற்று. நான் என்ன நினைப்பேன்? எல்லோரும் நினைப்பதைத்தான் நினைத்தேன். "ஏலே, சுத்திச் சுத்தி வாரதுக்கு அங்கன என்ன கோயிலா இருக்கு?" என்று கேட்டேன். ஆபீஸே சிரித்தது. அவன் காது சிவந்து போய் உட்கார்ந்துவிட்டான். அது காதல்தான் என்று என் மனதில் முடிவாகிவிட்டது. நல்ல பையன், நல்ல பெண், அவள் ஒரு சபை, இவன் வேறு சபை, இரண்டு சர்ச்சுக்காரர்களும் சம்மதிப்பார்களா என்று வீட்டில் போய்க் கவலையும் பட்டேன்.

எங்கள் பெரிய முடிவுகளெல்லாம் டீக்கடையில்தான். மாலை நான்கு மணிக்கு ஆறு பேரும் கீழே இறங்கி, சாலையோரத்தில் வட்டமாக நிற்போம். வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே எதை மாற்றுவது, எதை நிறுத்துவது, எப்போது ரிலீஸ் என்று பேசி முடித்துவிடுவோம். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அவள் எப்போதும் எனக்கு நேர் எதிரில் வந்து நிற்பாள். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் சுற்றிப் போய் எதிரில்தான். ஒரு வார்த்தைகூடக் குறிப்பெடுக்க மாட்டோம். மேலே போனதும் பேசியபடியே வேலை நடக்கும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். "எங்களுக்கு எழுத்தெல்லாம் வேண்டாம், வாய்ச்சொல்லு போதும்" என்று போனில் அலட்டிக்கொள்வேன்.

பிறகு கொரோனா வந்தது. மாடியைப் பூட்டிவிட்டு அவரவர் மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனோம். பத்து நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்து மேசையில் கிடந்ததை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போனோம். அவளுடைய கண்ணாடியும் அங்கேயே இருந்தது.

டீக்கடையை அப்படியே தூக்கி இன்டர்நெட்டில் வைத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அதே நான்கு மணிக்கு ஆறு பேரும் வீடியோ காலில் வர வேண்டும், பேசுவோம், முடிப்போம். முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. பெரியதாழையில் நெட் கடல் காற்றைப் போல வரும், போகும். சாத்தான்குளத்தில் மின்சாரம் போனால் நெட்டும் போகும். முகங்கள் பாதியில் உறைந்து நிற்கும், குரல் அறுந்து அறுந்து வரும். கேமராவை அணைத்தால் குரல் கொஞ்சம் தெளிவாக வந்தது. எனக்கு அது போதும். "எல்லாரும் கேமராவை அமத்துங்கலே. இனிமே யாரும் போடக்கூடாது" என்று உத்தரவு போட்டேன். அன்றிலிருந்து ஆறு பேரும் திரையில் ஆறு கறுப்புக் கட்டங்கள் ஆனோம்.

அவள் ஒருத்திதான் கேட்டாள். "நீங்க மட்டுமாவது கேமரா போடுங்க அண்ணாச்சி."

"என் மூஞ்சியைப் பாத்து என்ன செய்யப் போற?" என்றேன். நான் பனியனோடு, பல நாள் மழிக்காத தாடியோடு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று கேட்க ஆரம்பித்தாள். கால் முடிகிற நேரம், "பேசினதைக் குரூப்ல ஒரு தடவை டைப் பண்ணிருங்க அண்ணாச்சி" என்பாள். ஒரு நாள் செய்தேன், இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் கோபம் வந்துவிட்டது. நான்கு வருடம் பேச்சிலேயே ஓடிய டீம், இப்போது ஒவ்வொன்றுக்கும் சாட்சிக் கையெழுத்து கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. நான் சொன்னதை நாளைக்கு மாற்றிப் பேசுவேன் என்று சந்தேகப்படுகிறாளோ என்று நினைத்தேன். "ஏளா, சொன்னது காதுல விழலையா? அரை மணி நேரமா என்ன கத்திக்கிட்டு இருக்கேன்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவள், "சரி சார்" என்றாள். அதற்குப் பிறகு என்னை அண்ணாச்சி என்று அவள் கூப்பிடவே இல்லை. அதைக்கூட நான் சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மெல்ல மெல்ல அவளைப் பற்றி எனக்குள் ஒரு குறை சேர்ந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் உடனே பதில் வராது. வந்தாலும் "சரி" என்று ஒரு வார்த்தை. ஜோக் அடித்தால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவள் சிரிப்பாள். லைனைப் போட்டுவிட்டு அடுப்படியில் வேலை பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டிலிருந்து வேலை என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பொடுபோக்குத்தனம் வந்துவிடும், இவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் பனியனை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ரிலீஸ் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அந்த வாரம் பெரியதாழைத் தம்பி தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு. சனிக்கிழமை நான்கு மணிக் காலுக்குச் சற்று முன்னால் யார்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. கப்பல் ஒன்று முன்கூட்டியே வருகிறது, இரவோடு இரவாக ஏற்றுமதிப் பெட்டிகள் உள்ளே போக வேண்டும், அதனால் திங்கட்கிழமை வரை எதையும் தொடாதீர்கள் என்றார்கள். காலில் அதைச் சொன்னேன். ரிலீஸ் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகிறது, இன்று யாரும் எதையும் அமுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் சரி என்றார்கள். அவளும் சரி என்றாள். எழுதிப் போடவில்லை. நான்தான் எழுதுகிறவன் இல்லையே.

ஆறு மணிக்கு அவள் ரிலீஸ் செய்துவிட்டாள். முதலில் பேசி வைத்திருந்தபடி, ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல், எப்போதும் போலச் சுத்தமாகச் செய்திருந்தாள்.

டிரைவர்களிடம் இருந்த பழைய டோக்கன்கள் அத்தனையும் செல்லாமல் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார்டுக்காரர் என்னை நேரில் கூப்பிட்டார். நான் போனபோது லாரி வரிசை யார்டு கேட்டிலிருந்து உப்பளத்தைத் தாண்டி நின்றது. தண்ணீர் இல்லாமல், நிழல் இல்லாமல், டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். நான்தான் அந்த டோக்கன் ஆள் என்று தெரிந்ததும் அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வாங்கிக்கொண்டு நின்றேன். நின்ற நேரம் முழுக்க அவள் மேல் என் கோபம் கொதித்துக்கொண்டே இருந்தது.

அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். லாரி எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "சரின்னு சொன்னியே, எதுக்குச் சரின்னு சொன்ன?" என்று கேட்டேன். அவள், "சாரி சார், என் தப்புதான்" என்றாள். அந்தப் பதில் என் கோபத்தை இன்னும் ஏற்றியது. ஒரு காரணம் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன்.

அதே மாதம் சென்னை மேலாளர் பேசினார். செலவு குறைக்க வேண்டும், ஒவ்வொரு டீமிலும் ஒருவரை விடுவிக்க வேண்டும், உங்கள் டீமில் யார் என்று எழுதி அனுப்புங்கள் என்றார். எழுதவே பிடிக்காத நான் அன்றைக்கு எழுதினேன், மூன்று வரி. கவனக்குறைவு உண்டு. கூட்டங்களில் ஈடுபாடு இல்லை. சொன்னதைச் சரியாக உள்வாங்குவதில்லை. எழுதி முடித்து ஒருமுறைகூடத் திரும்பப் படிக்காமல் அனுப்பினேன்.

செய்தி தெரிந்த அன்று பெரியதாழைத் தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, ஒரு விஷயம் உங்ககிட்ட நேர்ல சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

நான் முடிக்க விடவில்லை. "ஒங்க கதை எனக்குத் தெரியும்லே. அதையெல்லாம் வேலைக்குள்ள கொண்டு வராதே. முடிஞ்சது முடிஞ்சு போச்சு" என்று போனை வைத்துவிட்டேன்.

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க அவள் தூத்துக்குடிக்கு வந்தாள். மாடியைத் திறக்க அனுமதி இல்லாததால் டயர் கடை வாசலில் நின்றோம். இரண்டு பேர் முகத்திலும் மாஸ்க். கடைக்காரர் உள்ளே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவளை நேரில் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெலிந்து போயிருந்தாள். நான்கு வருடம் எதிரில் நின்று பஜ்ஜி தின்ற பிள்ளை. அப்போதுதான் பேசினேன், ரொம்ப நேரம் பேசினேன். என்னை மன்னித்துவிடு, அவசரப்பட்டுவிட்டேன், உன்னை மாதிரி வேலை செய்கிற ஆள் எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை, எங்கே வேலைக்கு மனுப் போட்டாலும் என் பெயரைச் சொல், நான் பேசுகிறேன் என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் தலையை ஆட்டி, "சரி சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்டாயிற்று என்று ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியோடு இரண்டு வருடத்துக்கு மேல் நன்றாகத் தூங்கினேன்.

கம்பெனி மறுபடி ஆபீசைத் திறந்தது. வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். நானும் பெரியதாழைத் தம்பியும் முதலில் போய்ச் சுத்தம் செய்தோம். எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. அவள் மேசைக்கு வந்தபோது அந்தச் சிவப்பு வட்டக் கண்ணாடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய கேலி தானாக வாயில் வந்தது. "பாருலே, அலங்காரக் கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டா."

அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். "அது மூஞ்சி பாக்குற கண்ணாடி இல்ல அண்ணாச்சி. பின்னால யாரு வாராங்கன்னு பாக்குறதுக்கு வச்சிருந்தா. அவளுக்குக் காது கேக்காது."

நான் சிரிக்கப் போனேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"காலேஜ் படிக்கையில ஏதோ காய்ச்சல் வந்து ஒரு காது போயிட்டு. மத்தது கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சிக்கிட்டே வந்துச்சு, சத்தம் கேக்கும், வார்த்தை பிரியாது. வாயசைவைப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சிக்கிடுவா. நான் வேலைக்குச் சேந்த மொத வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கப்பாவுக்கும் அப்படித்தானே. சங்கு குளிச்சுக் குளிச்சு ரெண்டு காதும் போச்சு. எங்க வீட்டுல யாரும் பின்னால நின்னு கூப்பிட மாட்டோம். முன்னால போயி, தட்டி, நம்ம மூஞ்சியப் பாத்த பெறகுதான் பேசுவோம்."

அவன் மேசைகளைச் சுற்றிக்கொண்டு போனது காதல் இல்லை, வீட்டுப் பழக்கம். நாலு வருடம் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

மற்றதையும் அவனே சொன்னான். அவளுக்கு முதலில் வேலை தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனி, காது விஷயத்தைச் சொன்னதும் தட்டிக்கழித்துவிட்டது. அதனால் இங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேச்சை எழுத்தாகக் காட்டுகிற வசதியையும் போட்டுப் பார்த்தாளாம். நாங்கள் பேசுகிற தமிழும் இங்கிலீஷும் கலந்த பேச்சுக்கு அது எதையோ உளறியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு காலும் முடிந்தவுடன் பேசியதை எல்லாம் அவன்தான் அவளுக்குத் தனியாக டைப் செய்து அனுப்பியிருக்கிறான். கல்யாண லீவில் அவன் போன அந்த மூன்று நாளில் யாரும் அனுப்பவில்லை. சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் இரண்டு முறை சொன்னது அவளுக்கு வெறும் இரைச்சல். எல்லோரும் சரி என்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ பிடிபட்டு, அவளும் சரி என்றிருக்கிறாள்.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேலே" என்றேன்.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லிருவோம்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். 'அண்ணாச்சி மூஞ்சி எனக்குப் புரியும், அது போதும்'னுட்டா. வேலை போனப்ப, சத்தியமாவது மண்ணாவதுன்னு நான் போன் பண்ணினேன். நீங்க கேக்கல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் கதவும், படியேறி வருகிறவரின் தலையும் தெரிகிற மாதிரி சரியாக ஒட்டியிருந்தாள். நான்கு வருடம் நான் கதவைத் திறந்துகொண்டு வருவதை அதில் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். கூப்பிடுவதற்கு முன்பே திரும்புகிறாளே, என்ன சூட்டிகை என்று பாராட்டியிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பெரியதாழைத் தம்பி முன்னாலேயே அழுதுவிட்டேன்.

மறுநாளே சென்னை மேலாளரிடம் பேசினேன். அந்த இடமே இப்போது இல்லை, பழையதைக் கிளற வேண்டாம் என்றார். இரண்டு முறை எழுதியும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

சாத்தான்குளத்துக்குப் போவதென்று முடிவு செய்தபோது பெரியதாழைத் தம்பி ஒன்று சொன்னான். "மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. உதடு தெரியணும்." தாடியை எப்போதோ எடுத்துவிட்டேன். மீசை மட்டும் மேலுதட்டை மூடிக்கொண்டு கிடந்தது. முழுவதுமாக மழித்துவிட்டேன், வீட்டில் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். நாசரேத் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

வாசலில் அவள் அப்பா நின்றார். யார் என்று சொன்னேன். "வாங்க, உள்ள வாங்க" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு, எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "கம்பெனி லெட்டர்ல கவனக்குறைவுன்னு போட்டிருந்திச்சு. என் மக எதுல வேணும்னாலும் குறைஞ்சிருக்கலாம் சார். கவனத்துல குறைஞ்சவ இல்ல." குரலை உயர்த்தவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவர் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். முன்பெல்லாம் காதை மூடிக் கிடக்கும் முடியை இழுத்துப் பின்னியிருந்தாள். காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவி வெளியே தெரிந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பது மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், "மீசையை எடுத்துட்டீங்க" என்றாள். குரல் முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாகவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருந்தது. இவள் சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, நேரம் இல்லை அண்ணாச்சி என்று சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். உள்ளூர் அச்சகம் ஒன்றுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுக்கிறாளாம். நம் கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போடவில்லையா என்று கேட்டேன். "போட்டுக்கிட்டேதான் இருந்தேன் சார். எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ் ஆயிருவேன். அடுத்து போன்லதான பேசுதாங்க. அங்கன நின்னு போயிரும்" என்றாள். பிறகு, "இப்ப போடுறதில்ல" என்றாள்.

என் பெயரைச் சொல்லியிருக்கலாமே, அன்றைக்கே சொன்னேனே என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். டயர் கடை வாசலில் என்று நினைவுபடுத்தினேன்.

"அன்னைக்கு நீங்க ரொம்ப நேரம் பேசினீங்க. மாஸ்க்குக்கு மேல நெத்தி சுருங்கிச் சுருங்கி விரிஞ்சது மட்டுந்தான் தெரிஞ்சது. திட்டுதீங்கன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் சேத்துச் சரி சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்." பிறகு, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியில் என் உதடு நடுங்கிப் பேச்சு குழறியது. அவள் "இன்னொரு தடவை" என்றாள். மூன்று முறை சொன்ன பிறகுதான் மன்னித்துவிடு என்ற சொல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க அண்ணாச்சி. அந்த லெட்டரை அப்பா பீரோவுல வச்சிருக்காவ. அதுகூட இதுவும் இருக்கட்டும்."

அவள் என்னை அண்ணாச்சி என்று மறுபடி கூப்பிட்டதையே நினைத்துக்கொண்டு, வேறெதுவும் கேட்காமல் எழுதினேன். அவளுக்குக் கவனக்குறைவு எப்போதும் இருந்ததில்லை என்று எழுதினேன். நான்கு வருடம் எதிரில் இருந்தும் நான் எதையும் பார்க்கவில்லை, எழுதி அனுப்பு என்று அவள் கேட்டதை மறுத்தவன் நான், அந்த மூன்று வரியும் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் நின்றபடியே படித்தாள். அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். குடித்தேன்.

கிளம்பும்போது அவள் படி வரை வந்தாள். நான் வாசல் கேட்டைத் தாண்டி, வெளியே நின்று, குனிந்து கொண்டியைப் போட்டுக்கொண்டே, "வாரேம்மா, உடம்பைப் பாத்துக்க" என்றேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரும்பி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். நான் பேசியது கொண்டியைப் பார்த்து.

கூப்பிட்டுப் பயனில்லை. கேட்டைத் திறந்து, ஓடிப் போய், முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். கொண்டியில் கைவைத்தபடி நின்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.